சிறுநீரகமும் அதன் தலைப்பாகையும்

சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், நம் பங்கின் கிளைக் கிராமம் ஒன்றிலிருந்து உபதேசியார் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். "சாமி, மேலத்தெரு ஆயாவுக்கு முடியவில்லை. மூன்று நாளாக வாந்தி. காலையிலிருந்து பேச்சும் இல்லை. பூசுதல் கொடுத்துவிட்டால் நல்லது என்று மகன் சொல்கிறார்" என்றார். அரியலூர்ச் சுண்ணாம்புப் பூமியின் கோடை வெயிலைப் பற்றி இப்பகுதி வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. புனித எண்ணெயை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

ஆயா கயிற்றுக் கட்டிலில் கண்மூடிக் கிடந்தார். இரண்டு மாதங்களுக்கு முன்தான் திருப்பலி முடிந்து நம்மிடம் வந்து, முழங்கால் வலி பறந்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு சொல்லியிருந்தார். முகமும் பூசினாற்போல் இருந்தது. "உடம்பு நன்றாகத் தேறியிருக்கிறதே, ஆயா" என்று நாமும் பாராட்டினோம். அந்தப் பாராட்டை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறோம்; காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

பூசுதல் முடிந்ததும், "மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாமா?" என்று கேட்டோம். "வயதாகிவிட்டது, வெயில் தாங்கவில்லை, இனி எதற்குச் சாமி அலைக்கழிப்பது?" என்றார் மகன். ஆயினும் உபதேசியார் பிடிவாதமாக வண்டி பிடித்தார். மருத்துவமனையில் பணியிலிருந்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். இரத்த அழுத்தம் மிகத் தாழ்ந்திருந்தது. அவர் ஆயாவின் முகத்தையும், குச்சிபோல் மெலிந்த கைகளையும், தோலில் ஆங்காங்கே கன்றிப்போயிருந்த நீலத் தழும்புகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மூட்டுவலிக்கு ஏதேனும் பொடி சாப்பிட்டு வந்தார்களா?" என்று கேட்டார். ஆம் என்றான் பேரன். வாரச்சந்தைக்கு வரும் ஒருவரிடம் இரண்டு ஆண்டுகளாகப் பொட்டலம் பொட்டலமாக வாங்கிச் சாப்பிட்டு வந்தார்; சென்ற சில வாரங்களாக அந்த வியாபாரி வரவில்லை. மருத்துவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஓர் ஊசியைப் போட்டு, உப்புநீரை வேகமாக ஏற்றச் செய்தார். மறுநாள் விடியற்காலையில் ஆயா எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்.

நோயில் பூசுதல் ஆன்மாவோடு உடலுக்கும் நலம் பயக்கவல்லது என்று நாம் போதிக்கிறோம். அதில் நமக்கு ஐயமில்லை. எனினும் அன்றிரவு அந்த உடலுக்குள் சென்ற மருந்தின் பெயர் ஹைட்ரோகார்ட்டிசோன். "ஃபாதர், இவர்களுக்கு வெயிலும் இல்லை, வயதும் இல்லை. சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் சுரப்பி தூங்கிப்போய்விட்டது" என்றார் மருத்துவர். சுரப்பி எப்படித் தூங்கும், ஏன் தூங்கும் என்று அவரிடமே கேட்டோம். அவர் சொன்னவற்றையும், பின்னர் நூல்களில் படித்தறிந்தவற்றையும் நம் குடும்பங்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. ஏனெனில் அந்தப் பொட்டலம் இன்னும் எத்தனையோ வீடுகளின் மாடக்குழிகளில் இருக்கிறது.

ஆட்டிறைச்சி வாங்கச் சென்றவர்கள் குண்டிக்காயைப் பார்த்திருப்பார்கள். கொழுப்புக்குள் பொதிந்து, அவரைவிதை வடிவில் இருக்கும். மனிதனின் சிறுநீரகமும் அவ்வடிவமே. கைப்பிடி அளவு, ஒன்று ஏறக்குறைய 150 கிராம் எடை. முதுகுத்தண்டின் இருபுறமும், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக அமைந்திருக்கிறது. அதன் உச்சியில் தலைப்பாகை கட்டினாற்போல் ஒரு சிறு சுரப்பி அமர்ந்திருக்கிறது. எடை நான்கு அல்லது ஐந்து கிராம். நம் சிறு நாணயம் ஒன்றை ஒத்த கனம் அவ்வளவே. குருமடத்தில் கற்ற கொஞ்ச இலத்தீன் இங்கே நமக்கு உதவுகிறது. சிறுநீரகங்களுக்கு அம்மொழியில் 'ரேனெஸ்' என்று பெயர். அதற்கு அருகே இருப்பதால் அச்சுரப்பி 'அட்ரீனல்' ஆயிற்று. எபிரேயரோ சிறுநீரகங்களை மனச்சாட்சியின் இருப்பிடமாகக் கருதினர். பழைய ஏற்பாட்டில் இறைவன் மனிதனின் இதயத்தையும் சிறுநீரகங்களையும் ஆராய்பவர் எனக் கூறப்படும் இடங்கள் பல. தமிழில் மொழிபெயர்த்தோர் 'உள்ளம்' என்றும் 'உள்ளிந்திரியம்' என்றும் நாகரிகமாக மாற்றிவிட்டனர். மாற்றியதில் குற்றமில்லை; ஆனால் சிறுநீரகம் என்றாலே கழிவு, சாக்கடை என்று நாம் நினைக்கப் பழகிவிட்டோம். அந்த நினைப்புத்தான் தவறு.

கழிவை நீக்குவது சிறுநீரகத்தின் பணிகளில் ஒன்று. அதைவிடப் பெரிய பணி, எதை வெளியே விடக்கூடாது என்று தீர்மானிப்பது. ஒரு நாளில் இவ்விரு உறுப்புகளும் இரத்தத்திலிருந்து வடித்தெடுக்கும் நீர் ஏறத்தாழ 180 லிட்டர். பதினைந்து லிட்டர்க் குடத்தால் 12 குடம். அதில் சிறுநீராக வெளிவருவது ஒன்றரை லிட்டர் அளவே. மற்றதெல்லாம் மீண்டும் இரத்தத்துக்கே திரும்புகிறது. வடியும் நீரோடு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உப்பும் வடிகிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் திரும்ப எடுக்கப்படுகிறது. இந்தக் கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் நாம் ஓரிரு நாளில் வற்றிப்போவோம், அல்லது வீங்கிப்போவோம்.

நம் மாவட்டத்தார்க்கு இதை விளக்க நல்ல உவமை காலடியிலேயே கிடக்கிறது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளின் மீது கடல் பரந்திருந்தது. சிமெண்டு ஆலைகளுக்காக இன்று வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் அக்கடலின் வண்டல். ஓடைக்கரைகளில் சிறுவர்கள் பொறுக்கிவரும் கற்சிப்பிகள் அதில் வாழ்ந்த உயிர்களின் எச்சம். சாத்தனூரில் கிடக்கும் பதினெட்டு மீட்டர் நீளக் கல்மரமும் அந்தப் பழங்கடலில் மூழ்கிக் கல்லானதே. கடல் பின்வாங்கிவிட்டது. ஆனால் நிலத்தில் வாழும் ஒவ்வோர் உயிரும் தனக்குள் ஒரு சிறு கடலைச் சுமந்துகொண்டே நடமாடுகிறது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்புகள் உள்ளன. ஆயாவுக்கு ஏற்றிய உப்புநீரில் லிட்டருக்கு 9 கிராம். நம் இரத்தநீரின் தன்மைக்கு ஏற்ற அளவு அது. வெயிலில் வேர்த்தாலும், விருந்தில் ஊறுகாயை அள்ளினாலும், அந்த அளவு மாறாமல் காப்பதே சிறுநீரகத்தின் கடமை.

அதை எவ்வாறு காக்கிறது? இங்கேதான் ஹார்மோன்கள் வருகின்றன. உடலின் ஓரிடத்தில் சுரந்து, இரத்தத்தின் வழியே சென்று, வேறோர் இடத்தைத் தூண்டி இயக்கும் பொருளுக்கு அப்பெயர். தூண்டுதல் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து 1905-இல் ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய அறிஞர் இச்சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார். அதற்கும் ஏழாண்டுகள் முன்னதாக, 1898-இல், ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தனர். முயலின் சிறுநீரகத்தை அரைத்துப் பிழிந்த சாற்றை வேறொரு முயலின் நாளத்தில் செலுத்தினர். அதன் இரத்த அழுத்தம் ஏறியது. அச்சாற்றிலிருந்த பொருளுக்கு 'ரெனின்' எனப் பெயரிட்டனர். உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1934-இல் அமெரிக்கரான கோல்டுபிளாட், நாய்களின் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தக்குழாயைச் சிறு கவ்வியால் இறுக்கிக் காட்டிய பிறகே மருத்துவர்கள் விழித்துக்கொண்டனர். குழாயை இறுக்கியதும் அந்த நாய்களுக்கு நிலையான இரத்தக் கொதிப்பு வந்துவிட்டது.

காரணம் இதுதான். கங்கைகொண்ட சோழபுரத்தருகே இராசேந்திர சோழன் வெட்டுவித்த சோழகங்கத்தை, இன்றைய பொன்னேரியை, வாசகர்கள் அறிவர். வயலில் நிற்கும் உழவன் ஏரியைப் பார்ப்பதில்லை. தன் வாய்க்காலில் வரும் நீரைத்தான் பார்க்கிறான். வாய்க்கால் வற்றினால், ஏரியே வற்றிவிட்டது என்று கருதி மதகைத் திருத்த ஆளனுப்புகிறான். சிறுநீரகமும் அப்படியே. தன்னிடம் வரும் இரத்தத்தின் வேகம் குறைந்தால், உடலே வற்றிவிட்டது என்று கருதி ரெனினை அனுப்புகிறது. ரெனின், கல்லீரல் தந்துவைத்திருக்கும் ஒரு புரதத்தை வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டு நுரையீரலைக் கடக்கையில் மேலும் திருத்தப்பட்டு 'ஆஞ்சியோடென்சின்' என்னும் வலிய பொருளாகிறது. அது இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. மூளையில் தாகத்தை எழுப்புகிறது. இறுதியாகத் தலைப்பாகைச் சுரப்பியிடம் சென்று 'ஆல்டோஸ்டிரோன்' என்னும் ஹார்மோனை வெளிவிடச் செய்கிறது. அந்த ஆல்டோஸ்டிரோன் மீண்டும் சிறுநீரகத்துக்கே வந்து, "உப்பை விடாதே" என்று கட்டளையிடுகிறது. உப்பு தங்கினால் நீரும் தங்கும், அழுத்தம் சீராகும். வீட்டுக்காரன் மாடியில் குடியிருப்பவரிடம் சொல்லியனுப்ப, மாடியிலிருப்பவர் திரும்ப வீட்டுக்காரனுக்கே ஆணையிடுவதுபோன்ற இந்த ஏற்பாடு நமக்குச் சற்று வேடிக்கையாகவும் தோன்றுகிறது.

ஆல்டோஸ்டிரோனை 1953-இல் பிரித்தெடுத்தவர்களுள் முதன்மையானவர்கள் இலண்டனில் பணியாற்றிய சில்வியா சிம்ப்சன், ஜேம்ஸ் டேட் என்ற இருவர். பின்னாளில் இவர்கள் திருமணத்தில் இணைந்தனர். 1955-இல் கான் என்ற அமெரிக்க மருத்துவர், இந்தச் சுரப்பியில் தோன்றும் சிறு கட்டி ஒன்றே ஆல்டோஸ்டிரோனை அளவுமீறிச் சுரந்து இரத்தக் கொதிப்பை உண்டாக்கக்கூடும் என்று நிறுவினார். இளம் வயதிலேயே கொதிப்பு, பல மாத்திரைகளுக்கும் அடங்காத கொதிப்பு என்றால் இந்தச் சுரப்பியையும் சிறுநீரக இரத்தக்குழாயையும் மருத்துவர்கள் சோதிப்பது இதனால்தான். அத்தகையோரில் சிலர் அறுவைச் சிகிச்சையால் குணமடைவதுண்டு.

ஆல்டோஸ்டிரோனுக்கு இன்னொரு வேலை உண்டு. உப்பைத் தங்கவைக்கும்போதே பொட்டாசியம் என்னும் சத்தை வெளியே தள்ளுகிறது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களிடம் இத்தள்ளுதல் நடைபெறாது. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயம் திடீரென நின்றுவிடும். இதை அறியாத காலத்தில், டயாலிசிஸ் செய்துவந்த ஒரு பங்கு உறுப்பினரைக் காணச் சென்றபோது நான்கு இளநீரும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுபோனோம். இரண்டும் பொட்டாசியம் நிறைந்தவை. நல்லவேளையாக அவர் மனைவி விவரம் தெரிந்தவர். "சாமி கொண்டுவந்ததைப் பிள்ளைகள் சாப்பிடட்டும்" என்று இதமாகச் சொல்லி எடுத்து உள்ளே வைத்துவிட்டார். காரணம் புரிந்தது ஆண்டுகள் சென்ற பின்னர்தான். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் இளநீரை வெட்டச் சொல்லும் முன், வீட்டாரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இரத்தக் கொதிப்புக்காக நம்மவர் விழுங்கும் மாத்திரைகள் பலவும் இந்த ரெனின் சங்கிலியை ஏதேனும் ஒரு கண்ணியில் அறுப்பவையே. அவற்றின் பிறப்பும் சுவையானது. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சு, கடிபட்டவரின் இரத்த அழுத்தத்தைப் பெரிதும் தாழ்த்துவதைக் கண்டனர். அந்நஞ்சைப் பற்றிய ஆராய்ச்சி வளர்ந்து, 1981-இல் கேப்டோப்ரில் என்ற மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. எனலாப்ரில், ராமிப்ரில் ஆகியவை அதன் இளவல்கள். லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் ஆகியவை வேறு வழியில் அதே வேலையைச் செய்பவை. சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தைக் காக்கவும் இவை உதவுகின்றன. ஆயினும் கர்ப்பிணிகள் இவற்றை உண்ணலாகாது. கடும் வாந்திபேதி வந்தால், சில நாள் நிறுத்திவைக்க வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். உடல் வற்றிய வேளையில் அதன் காவற்சங்கிலியையும் அறுத்துவைத்தால் சிறுநீரகம் தாங்காது.

சிறுநீரகம் இரத்தத்தையும் எலும்பையும்கூட ஆள்கிறது. இரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்குமாறு எலும்பு மச்சைக்கு ஆணையிடும் எரித்ரோபாய்ட்டின் என்னும் ஹார்மோன் பெரும்பாலும் சிறுநீரகத்திலேயே சுரக்கிறது. 1977-இல் சிகாகோ நகரில் கோல்டுவாசர் என்பவரும் உடனுழைத்தோரும் இதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். அதற்காக ஜப்பானில் இரத்தசோகை நோயாளிகளிடமிருந்து சேகரித்த சிறுநீர் 2,550 லிட்டர். இன்று ஊசி மருந்தாகக் கிடைக்கிறது. சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் வெளிறிப்போவது எதனால் என்பது இப்போது விளங்கும். வெறும் கீரையும் பேரீச்சம்பழமும் அவர்களின் சோகையைப் போக்கா. அவ்வாறே வெயிலால் தோலில் உண்டாகும் வைட்டமின் டி-யும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கடந்த பின்னரே முழு வலிமை பெற்று எலும்பைக் காக்கிறது.

இனி ஆயாவிடம் திரும்புவோம்.

தலைப்பாகைச் சுரப்பி ஒன்றுபோல் தோன்றினாலும் இரண்டு சுரப்பிகளின் கூட்டு. நடுப்பகுதி அட்ரீனலினைச் சுரக்கிறது. வரப்பில் பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடத்து, கால் தானே பின்வாங்குகிறதே, அது இதன் வேலை. வெளிப்பகுதியில் ஆல்டோஸ்டிரோனோடு 'கார்ட்டிசால்' என்னும் ஹார்மோனும் சுரக்கிறது. இது பட்டினியில் இரத்தத்தின் சர்க்கரையைத் தாழவிடாது. இரத்தக்குழாய்கள் தளர்ந்துபோகாமல் காக்கும். வீக்கத்தையும் எரிச்சலையும் அடக்கும். விடியற்காலையில் உச்சத்திலும், நள்ளிரவில் தாழ்ந்தும் இருக்கும். காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, விபத்து ஆகிய வேளைகளில் வழக்கத்தைவிடப் பன்மடங்கு சுரக்கும்.

இச்சுரப்பி அழிந்தால் உயிர் தங்காது என்பதை உலகுக்கு உணர்த்தியவர் இலண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன். 1855-இல் அவர் வெளியிட்ட நூலில், நாளுக்கு நாள் மெலிந்து, சோர்ந்து, தோல் கறுத்து இறந்துபோன சிலரின் வரலாற்றை விவரித்தார். அவர்களின் உடலைத் திறந்து பார்த்தபோது இச்சுரப்பிகள் சிதைந்திருந்தன. பலருக்குக் காரணம் காசநோய். நம் நாட்டில் இன்றும் காசநோய் இச்சுரப்பியைத் தாக்குவதுண்டு. காரணமின்றி மெலிவு, எழுந்து நின்றால் மயக்கம், உள்ளங்கை ரேகைகளும் ஈறுகளும் கறுத்தல், உப்பின் மேல் தீராத ஆசை ஆகியவை சேர்ந்து காணப்பட்டால் மருத்துவரிடம் சொல்லத் தயங்கலாகாது. அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த ஜான் கென்னடிக்கும் இந்நோய் இருந்தது. உரிய மாத்திரையைக் கொண்டு அவர் நாட்டையே ஆண்டார்.

1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஓர் இளம் பெண்ணுக்கு ஹென்ச் என்ற மருத்துவர், இச்சுரப்பியின் சத்தான கார்ட்டிசோனை ஊசி வழியே செலுத்தினார். சில நாள்களில் அப்பெண் எழுந்து நடந்தாள். கெண்டால், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவரும் 1950-இல் நோபல் பரிசு பெற்றனர். உண்மையிலேயே பெரும் கண்டுபிடிப்பு அது. ஆனால் மருந்தை நீண்டநாள் தந்தபோது முகம் நிலவுபோல் வீங்கியது, தோல் மெலிந்தது, எலும்பு நொறுங்கியது, சர்க்கரையும் கொதிப்பும் ஏறின. ஆயாவின் முகம் பூசினாற்போல் இருந்ததே, அது தேறுதல் அன்று, நஞ்சின் அடையாளம். அதைத்தான் நாம் பாராட்டிவிட்டு வந்தோம்.

சந்தைப் பொடியில் கலந்திருந்தது இம்மருந்தின் வழிவந்த 'ஸ்டீராய்டு' என்பதே மருத்துவரின் முடிவு. மூலிகை என்று சொல்லி விற்கப்படும் வாதப்பொடிகள் சிலவற்றிலும், ஆஸ்துமாப் பொடிகள் சிலவற்றிலும் இக்கலப்படம் நடைபெறுகிறது. சித்த மருத்துவத்தை நாம் குறைகூறவில்லை. முறையாகப் பயின்ற சித்த மருத்துவர் இவ்வாறு செய்யார். பெயரும் முகவரியும் அற்ற பொட்டலத்தையே சொல்கிறோம். மூன்றாம் நாளே வலி பறந்துவிட்டது என்றால், மகிழும் முன் ஐயுற வேண்டும்.

சுரப்பி தூங்கியது எப்படி? அதைத் தட்டி எழுப்பும் மேலதிகாரி மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பி. இரத்தத்தில் கார்ட்டிசால் குறையும்போதெல்லாம் "சுரந்து கொடு" என்று ஆணை அனுப்புகிறது. வெளியிலிருந்து நாள்தோறும் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் அந்த ஆணை நின்றுவிடும். ஆணையற்ற சுரப்பி சுருங்கிப்போகும். திடீரென்று பொடி நின்றால், உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அழுத்தம் வீழும், வாந்தி வரும், நினைவு தப்பும். தூங்கிய சுரப்பி மீண்டும் விழித்தெழச் சிலருக்கு மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டும் கடக்கும்.

எனவே ஆயாவைக் காப்பாற்றிய மருத்துவரே அவருக்கு அதே இனத்து மாத்திரையைத் தொடர்ந்து தந்தார் என்றதும், வீட்டார் குழம்பிப்போயினர். "கெட்ட மருந்து என்றீர்களே, அதையே கொடுக்கிறீர்களே?" என்று மகன் கேட்டார். கேள்வி நியாயமானது. அளவறிந்து கொடுத்து, படிப்படியாகக் குறைத்து, சுரப்பியை எழுப்புவதே வழி. ஆஸ்துமாவுக்கும், மூட்டுவாதத்துக்கும், சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகும் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் நிறுத்திவிடலாகாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். நிறுத்துவதே ஆபத்து. காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ வந்தால் அம்மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். எந்த மருத்துவரிடம் சென்றாலும் ஸ்டீராய்டு உண்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஆயாவுக்கு வெயில் காரணமன்று என்றோம். ஆயினும் பலருக்கு வெயிலே காரணமாகி வருகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் மருத்துவர்கள் 2023-இல் தமிழகத்துக் கிராமங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உழவுத் தொழிலாளரைச் சோதித்தனர். ஏறத்தாழ இருபது பேரில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரகப் பழுது இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரை, கொதிப்பு போன்ற வழக்கமான காரணம் எதுவும் தென்படவில்லை. வெப்பத்தில் உழைத்து மீண்டும் மீண்டும் உடல் வற்றுவதே காரணமாகலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இத்தகைய நோய் முன்னரே ஆயிரக்கணக்கானோரை வாட்டியிருக்கிறது. பெரம்பலூரில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைவிப்போர், அரியலூரில் முந்திரி பொறுக்குவோர், சுண்ணாம்புச் சுரங்கங்களில் வேலை செய்வோர் ஆகிய எல்லாரும் இந்த வெயிலின் பிள்ளைகளே.

உடல் வற்றும்போதெல்லாம் ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் தம்மாலியன்ற மட்டும் போராடுகின்றன. மாலையில் சிறுநீர் குறைந்து, மஞ்சள் கறுத்துப் போவது அப்போராட்டத்தின் அடையாளம். அன்றிரவு உடல்வலிக்காகக் கடையில் வாங்கிய வலி மாத்திரையை விழுங்கினால், சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் மேலும் குறைகிறது. நாள்தோறும் இப்படி நடந்தால் எந்த உறுப்பு தாங்கும்? நம் முன்னோர் காலையில் உப்பிட்ட நீராகாரத்தையும், நண்பகலில் மோரையும் கம்பங்கூழையும் குடித்துவிட்டு வெயிலில் இறங்கியதில் பொருள் இருந்தது. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து, கொதிப்புக்கு மாத்திரை உண்பவர் அதே அளவு உப்பை உண்பது பொருந்தாது. அவருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் நாளுக்கு 5 கிராம் என்ற வரம்பே தக்கது.

பெண்களின் நிலையை இன்னும் தனியே சொல்ல வேண்டும். வயலில் ஒதுங்க மறைவிடம் இல்லாததால், காலையில் புறப்படும்போதே தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கும் தாய்மார் நம் பங்குகளில் ஏராளம். தாகத்தை அடக்குவதை ஒரு நற்பழக்கமாகவே பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். வேலை கொடுக்கும் நிலவுடைமையாளர்களும் இதழைப் படிக்கிறீர்கள். வரப்போரத்தில் நான்கு கம்பும் ஒரு மறைப்பும் ஒரு குடம் குடிநீரும் பெரிய செலவல்ல. கோடையில் பகல் பதினொரு மணிக்கு மேல் வேலையை நிறுத்தி மாலையில் தொடர்வதும் கூடாத காரியமன்று.

சிறுநீரகம் முணுமுணுக்காமல் நோயுறும் உறுப்பு. வீக்கமும் மூச்சுத்திணறலும் தோன்றும்போது பெரும்பகுதி கெட்டிருக்கும். இரத்த அழுத்தம் பார்த்தல், சிறுநீரில் புரதம் இருக்கிறதா எனச் சோதித்தல், இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு காணல் ஆகிய மூன்றுமே பெரும்பாலும் முன்கூட்டி உண்மையைச் சொல்லிவிடும். இவற்றுக்குப் பெரிய நகரத்துக்கு ஓட வேண்டியதில்லை. 2022-இல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. முதன்முதலாக 1971-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வெற்றி பெற்றபோது நாடே வியந்தது. அந்த அறுவைக்கு ஆள் அனுப்புவதைவிட, ஆண்டுக்கொருமுறை ஒரு குப்பிச் சிறுநீரைக் கொடுத்துச் சோதிப்பது எளிது.

ஆயாவின் மாத்திரை இப்போது முதலில் தந்ததில் கால் பங்குக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் மகன் அழைத்துச் செல்கிறார். முகத்தின் வீக்கம் வடிந்து, பழைய சுருக்கங்கள் திரும்பிவிட்டன. முழங்கால் வலியும் திரும்பிவிட்டது, தடியூன்றி நடக்கிறார். சென்ற ஞாயிறன்று கோயில் வாசலில் நம்மை நிறுத்தி, "சாமி, பொடிக்காரன் மறுபடியும் சந்தைக்கு வந்திருக்கானாம். தெருவில் நாலு பேர் வாங்கியிருக்காங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க, நீங்க வந்து சொல்லுங்க" என்றார். நாளைக் காலையில் அந்தத் தெருவுக்குப் போகிறோம். மருத்துவரையும் உடன் வருமாறு கேட்டிருக்கிறோம்.